பல்லி, மிளகாய், பாதி வெந்த முட்டை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உடம்புக்குள் இருக்கும் மூலக்கூறுகளை எது சேர்த்துவைக்கிறது, எது பிரித்துவிடுகிறது என்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் பாதி சமையலறையிலிருந்து வந்திருக்கிறது. சரி, அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: நெய்யைச் சூடாக்கினால் உருகுகிறது, ஆறினால் மறுபடி உறைகிறது. முட்டையைச் சூடாக்கினால் உறைகிறது, ஆறவைத்தாலும் இளகுவதில்லை. ஒரே அடுப்புதானே, ஏன் இந்த ஓரவஞ்சனை?
(வாசகி, கோவில்பட்டி)

பதில்: அடுப்பின் மேல் தப்பில்லை. நெய்யில் இருப்பவை சின்னச் சின்னக் கொழுப்பு மூலக்கூறுகள். உறைந்திருக்கும்போது அவை ஒன்றையொன்று உரசிக்கொண்டு அடுக்கடுக்காகக் கிடக்கும். சூடு ஏறினால் அடுக்கு கலைகிறது, அவ்வளவுதான், ஒரு மூலக்கூறுகூட உருமாறுவதில்லை. அதனால் ஆறியதும் பழையபடி அடுக்கிக்கொள்கிறது.

வெள்ளைக்கருவின் கதை வேறு. அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மீதியில் பெரும்பகுதி புரதம். புரதம் என்றால் அமினோ அமிலங்களின் நீண்ட சங்கிலி; வெள்ளைக்கருவில் அதிகமாக இருக்கும் ஓவால்புமின் என்ற புரதத்தில் 385 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. இந்தச் சங்கிலி நீட்டிக்கொண்டு கிடப்பதில்லை, சுருண்டு மடங்கி ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் இருக்கும், தண்ணீரோடு சேராத எண்ணெய்ப்பசைப் பகுதிகள் பெரும்பாலும் உள்ளே, சேருகிற பகுதிகள் வெளியே.

இங்கே கொஞ்சம் கணக்கு பார்த்துவிடலாம், பின்னால் வரும் பதில்களுக்கும் உதவும். அறை வெப்பத்தில் எல்லா மூலக்கூறுகளும் சும்மா இடித்துக்கொண்டும் ஆடிக்கொண்டும்தான் இருக்கின்றன. அந்த ஆட்டத்தின் அளவு மோலுக்கு (மூலக்கூறுகளை மொத்தமாக எண்ணும் அளவு அது, இனி வரும் கிலோஜூல் எல்லாம் மோல் கணக்குதான்) சுமார் 2.5 கிலோஜூல். எல்லோர் சட்டைப்பையிலும் எப்போதும் கிடக்கிற சில்லறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பனும் கார்பனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு சேர்ந்திருக்கும் சகப்பிணைப்பை அறுக்க ஏறக்குறைய 350 கிலோஜூல் வேண்டும், சில்லறையால் ஆகிற காரியமில்லை. ஒரு தண்ணீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை ஈர்த்து நிற்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20 போதும். எந்த இரண்டு அணுக்களும் மிக நெருங்கினால் வரும் மெல்லிய இழுப்பான வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு இருக்கிறதே, அது இரண்டு அணுக்களுக்கு இடையில் என்று பார்த்தால் சில்லறைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆச்சரியம் என்னவென்றால், ஒரு புரதம் முழுவதையும் மடங்கிய நிலையில் பிடித்துவைத்திருக்கும் நிகர ஆற்றலே பெரும்பாலும் 20 முதல் 60 கிலோஜூல்தான். உள்ளே நூற்றுக்கணக்கான பிணைப்புகள் இருந்தும் இவ்வளவுதானா என்றால், எதிர்த்தரப்பும் கிட்டத்தட்ட அதே பலத்தோடு நிற்கிறது. அவிழ்ந்து கிடக்கும் சங்கிலிக்குக் கோடானுகோடி விதமாக வளைந்து நெளியும் சுதந்திரம் உண்டு, மடங்கினால் அதெல்லாம் போச்சு. இந்தச் சுதந்திரத்தின் அளவைத்தான் என்ட்ரோபி என்கிறோம். ஆற்றல் கணக்கில் அதை வெப்பநிலையால் பெருக்கித்தான் சேர்க்க வேண்டும். 25 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் சில்லறை 2.5-லிருந்து 2.9 ஆகிறது, பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனால் 385 கண்ணிகளுக்கும் சேர்த்துப் பார்த்தால் தராசு கவிழ அது போதும்.

கவிழ்ந்ததும் சங்கிலி அவிழ்கிறது. உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய்ப்பசைப் பகுதிகள் வெளியே வந்து பக்கத்துப் புரதத்தின் எண்ணெய்ப்பசைப் பகுதிகளோடு ஒட்டிக்கொள்கின்றன. போதாததற்கு ஓவால்புமினில் கந்தகம் உள்ள சில பகுதிகள் இருக்கின்றன, அவை பக்கத்துச் சங்கிலியோடு உண்மையான சகப்பிணைப்பே போட்டுவிடும். எல்லாமாகச் சேர்ந்து ஒரு வலை, வலைக்குள் சிக்கிய தண்ணீர், அதுதான் நீங்கள் தட்டில் பார்க்கும் வெள்ளை. எல்லாப் புரதமும் ஒரே சூட்டில் அவிழ்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கில் கலங்கத் தொடங்கும், ஓவால்புமின் விட்டுக்கொடுக்க 80-க்கு மேல் போக வேண்டும். ஆஃப்பாயிலில் கொழகொழவென்று ஒரு பகுதி நிற்பது இந்த இடைவெளியில்தான்.

ஆறியதும் ஒவ்வொரு சங்கிலிக்கும் தனியாக மடங்க ஆசை இருக்கலாம், சுற்றிலும் மற்றவை பிடித்துக்கொண்டிருக்கும்போது எப்படி மடங்குவது? கூட்டமில்லாத இடத்தில் விட்டால் மடங்கும். கிறிஸ்டியன் அன்ஃபின்சன் என்ற அமெரிக்கர் ரிபோநியூக்ளியேஸ் என்ற சிறிய புரதத்தை யூரியாவில் போட்டு அவிழ்த்து, கந்தகப் பிணைப்புகளையும் அறுத்துவிட்டு, பிறகு யூரியாவை மெல்ல நீக்கிப் பார்த்தார். எந்த உதவியும் இல்லாமல் தானாகவே பழைய வடிவத்துக்கு வந்து வேலையும் செய்தது. 1972-ல் நோபல் பரிசு. 2015-ல் கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள ஆய்வாளர்கள் வேகவைத்த வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழலும் கருவியில் போட்டு, அதிலிருந்த லைசோசைம் என்ற புரதத்தை மட்டும் மீண்டும் மடக்கி எடுத்தார்கள். 'வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்கினார்கள்' என்று செய்தி போட்டார்களே, அது மிகை. அந்த முட்டையில் ஆம்லெட் போட முடியாது.

கேள்வி: காரம் தாங்காமல் தண்ணீர் குடித்தால் எரிச்சல் வாய் முழுக்கப் பரவுகிறதே தவிரக் குறைவதில்லை. தயிர் சாப்பிட்டால் அடங்குகிறது. தயிரின் குளிர்ச்சியா?
(வாசகர், தேனி)

பதில்: குளிர்ச்சிக்கும் பங்கு உண்டு, முக்கிய வேலை தயிரில் இருக்கும் கொழுப்பும் கேசீன் என்ற பால் புரதமும் செய்வது. மிளகாயின் காப்சைசின் மூலக்கூறுக்கு நீளமான எண்ணெய் வால் ஒன்று உண்டு. அது நாக்கிலுள்ள நரம்பு முனைகளில் ஒரு குறிப்பிட்ட புரதத்தின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு அந்தப் புரதத்தை அடையாளம் கண்டது, 2021-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. வழக்கமாக 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கிற வாசல் அது. காப்சைசின் உட்கார்ந்தால் சாதாரணச் சூட்டிலேயே திறந்துவிடும், மூளைக்கு வாய் வெந்துபோனதாகச் செய்தி போகும்.

தண்ணீர் ஏன் அதைக் கழுவ மாட்டேன் என்கிறது? எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பகை என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இரண்டுக்கும் இடையில் ஈர்ப்பு இருக்கத்தான் செய்கிறது, சிக்கல் தண்ணீரின் சொந்த விவகாரம். ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறும் பக்கத்திலிருப்பவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பைப் போடுவதும் மாற்றுவதுமாக இருக்கிறது. நடுவில் ஓர் எண்ணெய் வால் வந்து நின்றால் அதனோடு பிணைப்புப் போட வழியில்லை, எனவே சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் இருக்கும் பிணைப்பை இழக்காமலிருக்க ஒருசில திசைகளில் மட்டுமே திரும்பி நிற்க வேண்டிவரும். எண்ணெய் எல்லாம் ஒன்றாகக் கூடினால் தண்ணீரைத் தொடும் பரப்பு குறையும், இப்படி மாட்டிக்கொண்டு நிற்கும் தண்ணீரும் குறையும். ஆக எண்ணெயைக் கூட்டுவது தண்ணீர்தான். புரதம் மடங்குவதற்கு இதுவே பெரிய காரணம் என்று 1959-ல் வால்டர் காவ்ஸ்மன் விரிவாக எழுதினார், இன்றுவரை அந்தக் கருத்து நிற்கிறது. உங்கள் வாயிலும் அதேதான் நடக்கிறது: காப்சைசின் தண்ணீரில் கரைந்து ஓடுவதைவிட நரம்பின் கொழுப்புச் சவ்வில் இருப்பதையே விரும்பும், தயிரின் கொழுப்பு வந்தால் போக இன்னோர் இடம் கிடைக்கிறது.

மிளகாய் நறுக்கிய கை எரிந்தால் முதலில் கொஞ்சம் நல்லெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போடுங்கள்.

கேள்வி: ராத்திரி ஈரத் தலையைப் பின்னிக்கொண்டு படுத்தால் காலையில் முடி அலை அலையாக அழகாக இருக்கிறது, மத்தியானத்துக்குள் போய்விடுகிறது. பார்லரில் நேராக்கிய முடி மட்டும் மாதக்கணக்கில் எப்படி நிற்கிறது?
(கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: இரண்டும் வேறு வேறு பிணைப்புகளில் கைவைக்கின்றன. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் சங்கிலிகளுக்கு உள்ளேயும் இடையிலும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஏராளம். முடி நனைந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து, கெரட்டினும் கெரட்டினும் போட்டிருந்த பிணைப்புகளில் பலவற்றைத் தன் பக்கம் மாற்றிக்கொள்கிறது, முடி நெகிழ்கிறது. பின்னலில் வளைந்தபடியே காய்ந்தால், தண்ணீர் வெளியேற வெளியேறச் சங்கிலிகள் அந்த வளைந்த நிலையிலேயே புதுப் பிணைப்புகளைப் போட்டுக்கொள்ளும். மத்தியானம் வியர்வையும் காற்றின் ஈரமும் பட்டால் அவையும் அதே வழியில் கழன்றுவிடும். கடலோர ஊராக இருந்தால் மத்தியானம்வரைகூடத் தாங்காது.

பார்லரில் கைவைப்பது கந்தகப் பிணைப்பில். கெரட்டினில் கந்தகம் நிறைய உண்டு (முடி பொசுங்கினால் வரும் நாற்றம் அதனால்தான்), பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளைக் கந்தகம்-கந்தகம் என்ற சகப்பிணைப்பு இழுத்துக் கட்டியிருக்கும். அதை அறுக்க 250 கிலோஜூல் அளவுக்கு வேண்டும், தண்ணீராலோ சாதாரணச் சூட்டாலோ ஆகாது. எனவே தயோகிளைக்கோலேட் என்ற ரசாயனத்தைத் தடவி அந்தப் பிணைப்புகளில் ஒரு பகுதியை அறுத்து, முடியை நேராக இழுத்துவைத்து, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டுப் புதிய இடத்தில் பிணைப்பை முடிகிறார்கள். அழுகிய முட்டை வாடை மாதிரி ஒன்று வருமே, தயோகிளைக்கோலேட்டின் வேலை அது. வேரிலிருந்து புதிதாக வளரும் முடிக்கு இதெல்லாம் தெரியாது, அது பழையபடி சுருட்டையாகவே வரும். ஒரு எச்சரிக்கை: 'கெரட்டின் ட்ரீட்மென்ட்' என்ற பெயரில் செய்யப்படும் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு வெளியாகும். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உறுதியானது. கண் எரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: குழாயில் மாட்டும் ஒரு கருவி விற்கிறார்கள். தண்ணீரின் 'மூலக்கூறு அமைப்பை' ஒழுங்குபடுத்துமாம், அந்தத் தண்ணீர் செல்லுக்குள் வேகமாகப் போகுமாம். வாங்கலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு)

பதில்: வேண்டாம் ஐயா. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் ஆயுள், ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அளவுதான். குழாயிலிருந்து டம்ளருக்கு வருவதற்குள் கருவி செய்த 'ஒழுங்கு' எத்தனை முறை அழிந்திருக்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். செல்லுக்குள் தண்ணீர் போக அக்வாபோரின் என்ற வாசல்கள் ஏற்கெனவே இருக்கின்றன, ஒரு வாசல் வழியாக நொடிக்கு 300 கோடி மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் போகும். இதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் நோபல் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் வேறு ஏதாவது வாங்குங்கள்.

கேள்வி: உயிரியல் புத்தகத்தில் 'ஏ.டி.பி.யின் பாஸ்பேட் பிணைப்பில் ஆற்றல் சேமிக்கப்பட்டுள்ளது, அதை உடைத்தால் வெளிவரும்' என்று படிக்கிறோம். வேதியியல் ஆசிரியரோ பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும் என்கிறார். யார் சொல்வது சரி?
(பிளஸ் 2 மாணவி, ஓசூர்)

பதில்: வேதியியல் ஆசிரியர். விதிவிலக்கே கிடையாது, எந்தப் பிணைப்பை உடைத்தாலும் கையிலிருந்து செலவுதான், வரவு என்பது புதிய பிணைப்பு உருவாகும்போது மட்டுமே. அப்படியானால் செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. எப்படித் தசையை இழுக்கிறது? முழு வினையையும் பார்க்க வேண்டும். மூன்று பாஸ்பேட் உள்ள ஏ.டி.பி.யோடு (ATP) தண்ணீர் சேர்கிறது, ஒரு பாஸ்பேட் கழன்று, அது இரண்டு பாஸ்பேட் உள்ள ஏ.டி.பி. (ADP) ஆகிறது. (தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன, இனி முன்னதை 'மூன்று பாஸ்பேட்', பின்னதை 'இரண்டு பாஸ்பேட்' என்றே சொல்கிறேன்.) மூன்று பாஸ்பேட்டில் எதிர்மின்சுமைகள் நான்கு நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஒன்று கழன்றதும் அந்தத் தள்ளுமுள்ளு குறைகிறது. பிரிந்த துண்டுகளைத் தண்ணீர் இன்னும் நன்றாகச் சூழ்ந்துகொள்கிறது. தனியான பாஸ்பேட்டில் எலக்ட்ரான்கள் பரவி நிற்க இடம் அதிகம். இத்தனையும் சேர்ந்து, உடைக்க ஆன செலவைக் கழித்த பிறகும், மிச்சம் நிற்கிறது. எல்லாப் பொருளையும் ஒரே நிலையான செறிவில் வைத்து அளக்கும் திட்ட நிலையில் அந்த மிச்சம் மோலுக்கு 30.5 கிலோஜூல்.

இதில் பெரும்பாலான புத்தகங்கள் சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம் என்று தோன்றும். செல்லுக்குள் கிடைப்பது 30.5 இல்லை, ஏறக்குறைய 50. அதே மூலக்கூறு, அதே பிணைப்பு, எப்படிக் கூடியது? செல் தன் மூன்று பாஸ்பேட் இருப்பைச் சமநிலையிலிருந்து கோடிக்கணக்கான மடங்கு தள்ளி வைத்திருக்கிறது. வினை அதன் போக்கில் சமநிலைக்கு வந்து நின்றுவிட்டால், அந்தக் கரைசலில் மூன்று பாஸ்பேட் மிச்சமிருந்தாலும் அதனால் ஒரு வேலையும் நடக்காது. நாம் மூச்சு விடுவதும் சாப்பிடுவதும் இந்தத் தூரத்தைக் காப்பாற்றத்தான். ஒரு நாளில் பல பத்து கிலோ மூன்று பாஸ்பேட்டை உடம்பு உடைத்து உடைத்துத் திரும்பச் செய்கிறது, ஒரு நேரத்தில் கையிருப்பு என்னவோ சில நூறு கிராமைத் தாண்டாது.

'உயர் ஆற்றல் பிணைப்பு' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், 1941-ல் ஃபிரிட்ஸ் லிப்மன் எழுதிய கட்டுரையிலிருந்து. அந்தப் பிணைப்பை நெளிகோடு போட்டுக் காட்டினார், வசதியான குறியீடு, உலகம் பிடித்துக்கொண்டது. அவர் சொன்னது வினையின் மொத்தக் கணக்கை, நாம் படித்தது பிணைப்புக்குள் பூட்டிவைத்த ஆற்றல் என்று. தேர்வில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். உயிரியலில் புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம்.

கேள்வி: உயிர்வேதியியல் படிக்கக் கணக்கு தெரிய வேண்டுமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: மடக்கை போடத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு ஒட்டும் ஆற்றல் 6 கிலோஜூல் கூடினால் ஒட்டும் திறன் ஏறக்குறைய பத்து மடங்கு கூடும், மருந்து செய்கிறவர்கள் நாள் முழுக்கப் போடுவது இந்தக் கணக்கைத்தான்.

கேள்வி: பல்லி காலில் பசை இருக்கிறதா? செத்த பல்லி சுவரில் ஒட்டுமா?
(ஆறாம் வகுப்பு மாணவன், மதுரை)

பதில்: நல்ல கேள்வி தம்பி. பசை இல்லை, உறிஞ்சு குழலும் இல்லை, காற்றை நீக்கிவிட்ட வெற்றிடத்திலும் பல்லி ஒட்டும் என்று பழைய சோதனைகளிலேயே தெரிந்துவிட்டது. டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒரு பாதத்தில் மட்டும் சுமார் 5 லட்சம் நுண்ணிய ரோமங்கள். ஒவ்வொரு ரோமத்தின் நுனியும் நூற்றுக்கணக்கில் பிரிந்து, தட்டையான இலை போல முடிகிறது, அந்த நுனியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சின்னதாக இருப்பதால் சுவரின் மேடுபள்ளத்துக்குள் போய் அணுவோடு அணு உரசுகிற அளவுக்கு நெருங்க முடிகிறது. வாண்டர்வால்ஸ் ஈர்ப்புக்கு அந்த நெருக்கம் கட்டாயம் வேண்டும், இரண்டு அணுக்களின் தூரம் இரட்டிப்பானால் அவற்றின் ஈர்ப்பாற்றல் 64-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 2000-ல் கெல்லர் ஆட்டம் குழு ஒரே ஒரு ரோமத்தைப் பிடுங்கி அளந்து பார்த்தது. அது தாங்கிய எடை சுமார் 20 மில்லிகிராம். நான்கு பாதங்களின் எல்லா ரோமமும் ஒரே நேரத்தில் ஒட்டினால் நாற்பது கிலோ அளவுக்குத் தாங்கும், பல்லிக்கு அவ்வளவு தேவைப்படுவதில்லை. தண்ணீரை விரும்பும் பரப்பிலும் விலக்கும் பரப்பிலும் ஒரே மாதிரி ஒட்டியதைப் பார்த்து 2002-ல் இது வாண்டர்வால்ஸ்தான் என்று அடித்துச் சொன்னார்கள். காற்றின் ஈரமும் கொஞ்சம் உதவுகிறது என்பது பின்னால் தெரியவந்தது.

அப்புறம் விடுவது எப்படி? ரோமம் சாய்ந்திருக்கும்வரை பிடி, கோணம் 30 டிகிரியைத் தாண்டினால் தானாக உரிந்துவிடும். அதனால்தான் விரலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டி எடுக்கிறது, டார்ச் அடித்துப் பார். செத்த பல்லி ஒட்டுமா என்பதை 2014-ல் கலிபோர்னியாவில் நிஜமாகவே சோதித்திருக்கிறார்கள். ஒட்டும், உயிரோடு இருந்த அதே பலத்தோடு.

கேள்வி: எங்கள் பகுதிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் பரிசோதனை செய்கிறோம். ஓர் அமினோ அமிலம் மாறியதற்கு ரத்தம் முழுக்கவா கெட்டுப்போகும் என்று கேட்கிறார்கள். எப்படி விளக்குவது?
(செவிலியர், நீலகிரி மாவட்டம்)

பதில்: இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானதே உங்கள் மலையில்தான், 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் லைனஸ் பாலிங் குழு இதை 'மூலக்கூறு நோய்' என்று அறிவித்திருந்தது, கெட்டது ரத்தம் இல்லை, அதிலுள்ள ஒரு மூலக்கூறு என்று. என்ன மாற்றம் என்பதை 1956-ல் வெர்னான் இங்ராம் கண்டுபிடிக்கத் தொடங்கினார். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள், அதில் ஆறாவது இடத்தில் குளுட்டமிக் அமிலம் இருக்க வேண்டும், இவர்களுக்கு வாலைன். குளுட்டமிக் அமிலத்துக்கு மின்சுமை உண்டு, தண்ணீரோடு சுகமாக இருக்கும். வாலைன் எண்ணெய்ப்பசை உள்ளது. புரதத்தின் வெளிப்புறத்தில், தண்ணீர் படுகிற இடத்தில், ஒரு சின்ன எண்ணெய்ப்பசைப் பொட்டு வந்துவிட்டது.

மேலே மிளகாய்க் கேள்வியில் சொன்ன அதே தண்ணீர் இங்கேயும் அதே வேலையைச் செய்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் அதன் வடிவம் கொஞ்சம் மாறும், அப்போது இன்னோர் இடத்தில் எண்ணெய்ப்பசையுள்ள ஒரு குழி திறக்கும். ஒரு மூலக்கூறின் பொட்டு அடுத்ததன் குழியில் போய் உட்காரும், அதன் பொட்டு அதற்கடுத்ததில். ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின்கள் நெருக்கமாக அடைந்து கிடப்பதால் நொடிகளில் நீண்ட நார்களாகிவிடும், அணு அரிவாள் போல வளைந்து சின்ன ரத்தக் குழாயில் அடைக்கும். உடம்பில் நீர் வற்றினால் அணுவுக்குள் நெருக்கம் இன்னும் கூடும், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது அதனால்தான்.

ஒரு வினோதம்: சோதனைக் குழாயில் இந்த நார்கள் சூட்டில் உறைந்து குளிரில் கரையும். தண்ணீரின் சுதந்திரத்தால் வரும் ஒட்டல் என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டாம், வெப்பநிலை கூடினால் அதன் பலமும் கூடுகிறது. ஆனால் நோயாளி குளிரில் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், அடைப்பும் வலியும் வரும், உங்கள் மலையில் கம்பளி அவசியம். ஒரே ஒரு மரபணுப் பிரதியில் மட்டும் மாற்றம் உள்ளவர்களுக்குப் பாதி ஹீமோகுளோபின் நல்லதாக இருப்பதால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு, பரிசோதனையின் பயன் அங்கேதான்.

கேள்வி: ராமச்சந்திரன் வரைபடம் என்று ஒன்று இருக்கிறதாமே? கம்ப்யூட்டரே புரத வடிவத்தைச் சொல்லிவிடும் காலத்தில் அதற்கு மதிப்பு உண்டா?
(வாசகர், சென்னை)

பதில்: உண்டு. ஜி.என்.ராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜனுக்கு மூன்று இழை முறுக்கு வடிவத்தை முன்வைத்தார். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருகிற புரதம் அது. அதில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசீன், ஏனென்றால் முறுக்கின் நடுவில் அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை. கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஆட்சேபம் எழுப்பினார்கள், உங்கள் வடிவத்தில் சில அணுக்கள் அநியாயத்துக்கு நெருங்கி நிற்கின்றன என்று. ஆட்சேபத்தில் நியாயம் இருந்தது, ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் அவர்கள் சொன்னதே பின்னால் நிலைத்தது. ஆனால் ராமச்சந்திரன் அதோடு விடவில்லை. சரி, இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று அதுவரை வெளிவந்த படிக வடிவங்களையெல்லாம் துழாவினார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் உட்கார்ந்து, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்களையும் திருப்பித் திருப்பிக் கணக்கிட்டார். 1963-ல் வெளியான அந்த வரைபடம் சொல்வது: முக்கால் பங்குக்கு மேல் கோணங்கள் ஆகாது, அணுக்கள் முட்டிக்கொள்ளும். மிஞ்சிய சில திட்டுகளில்தான் உலகத்துப் புரதங்களின் சுருள்களும் மடிப்புகளும் கிட்டத்தட்ட எல்லாமே அடங்குகின்றன.

2024-ல் வேதியியல் நோபலில் ஒரு பாதி, புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலைச் செய்தவர்களுக்குப் போனது தெரியும். அதுவும் சரி, ஆய்வகத்தில் கண்டெடுக்கும் வடிவமும் சரி, நம்பலாமா என்று பார்க்க இன்றும் இந்த வரைபடத்தில்தான் புள்ளி வைக்கிறார்கள். திட்டுக்கு வெளியே புள்ளி விழுந்தால் முதல் சந்தேகம் வடிவத்தின் மேல்தான். ராமச்சந்திரனுக்கு ஏன் நோபல் தரவில்லை என்று அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். தந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: மலையூர்களில் குளிருக்கு அறைக்குள் கரி நெருப்பு வைத்துத் தூங்கக் கூடாது என்கிறார்கள். புகையே இல்லாத நன்றாகக் கனன்ற கரி என்றால் பரவாயில்லையா?
(வாசகர், கொடைக்கானல்)

பதில்: கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியும் புகை போனாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டுதான் இருக்கும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் உட்காரும் இரும்பில் அதுவும் உட்காரும், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக. உண்மையில் இதுவே குறைந்த அளவு. அந்த இரும்பைத் தாங்கி நிற்கும் பகுதிக்கு ஹீம் என்று பெயர், புரதம் இல்லாமல் தனியாக இருக்கும் ஹீமில் இந்த விகிதம் சுமார் 20,000. ஹீமோகுளோபினில் இரும்புக்கு எதிரே ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒன்று நிற்கிறது, அது ஆக்சிஜனோடு ஒரு ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டு அதை ஆதரிக்கிறது, கார்பன் மோனாக்சைடோடு அப்படி நல்ல பிணைப்பு அமைவதில்லை. அந்த ஒற்றைப் பிணைப்பின் தயவு நமக்கு நெருப்பே இல்லாவிட்டாலும் தேவை, ஏனென்றால் பழைய ஹீமை உடைக்கும்போது உடம்பே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடைத் தயாரிக்கிறது.

யாராவது மாட்டிக்கொண்டால் முதலில் கதவு ஜன்னலைத் திறந்து வெளியே தூக்கி வாருங்கள், 108-ஐ அழையுங்கள். சாதாரணக் காற்றில் ரத்தத்திலிருக்கும் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம், அதனால் 'எழுந்து உட்கார்ந்துவிட்டார், சரியாகிவிட்டது' என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.